நாலு மணி அழைப்பும் சின்னச் சொற்களும்

மாலை நாலு மணி நெருங்கினால் எனக்கு இருப்புக்கொள்ளாது. மூன்றரைக்கே எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன். திரும்பி வந்து, ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடியும் துடைப்பேன். ஹெட்செட்டை மாட்டுவேன், கழற்றுவேன். எங்கள் கம்பெனியின் தலைமையகம் இங்கிலாந்தில் இருந்தது. அங்கே காலையில் அலுவலகம் திறக்கும் நேரம் பினாங்கில் எங்களுக்கு மாலைத் தேநீர் வேளை. அந்த நேரத்துக்குத்தான் மேடம் அழைப்பார்.

மேடம் எங்கள் பிரிவின் மேலதிகாரி. மூன்று வருடங்களாக அவர் குரலைத்தான் எனக்குத் தெரியும். கேமராவை யாரும் போடுவதில்லை. ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. எந்த வாரம் எந்தப் பொருளை எவ்வளவு செய்வது, எந்தச் சரக்கு எப்போது கப்பலேறும் என்று திட்டம் போடுவது என் வேலை. பாயான் பாருவில் என் அடுக்குமாடி வீட்டிலிருந்து தொழிற்சாலை பக்கம்தான். பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்ததும் ஆப்பரேட்டராக உள்ளே நுழைந்து, மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துப் பல வருடம் வேலை பார்த்து, மாலை வகுப்பில் டிப்ளோமா படித்து மேசைக்கு வந்தவள் நான். வேலை எனக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. கஷ்டமெல்லாம் மேடம் பேசும் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

எனக்கு ஆங்கிலமே தெரியாது என்று சொல்ல முடியாது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி. இரண்டிலும் ஆங்கிலம் ஒரு பாடம். பெரிய பெரிய சொற்களெல்லாம் எனக்கு நன்றாகவே வரும். டிஸ்க்ரெபன்சி, கன்ஃபர்மேஷன், ஆல்டர்நேட்டிவ் எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் எழுதுவேன். என்னைக் கவிழ்த்தவை சின்னச் சொற்கள். போஸ்ட்போன் என்றால் தெரியும். 'புட் ஆஃப்' என்றால் விழிப்பேன். டாலரேட் என்றால் பொறுத்துக்கொள்வது. 'புட் அப் வித்' என்றால் எதை வைப்பது, எதற்கு மேலே, யாருடன்? 'லுக்' என்றால் பார்ப்பது என்று முதல் வகுப்பிலேயே படித்தாயிற்று. மேடம் 'லுக் இன்டு' என்பார். அடுத்த வாக்கியத்தில் 'லுக் ஓவர்', அதற்கடுத்து 'லுக் அவுட்'. பார், பார் என்று சொல்லிக்கொண்டே போவது போல இருக்கும். ஒவ்வொரு பாரும் ஒவ்வொரு வேலை.

எங்கள் ஊர் ஆங்கிலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. ஏர்கோனை 'ஆன்' பண்ணு, காத்தாடியை 'ஆஃப்' பண்ணு. ஆன், ஆஃப் என்பதையே வினைச்சொல்லாக்கி வேலையை முடித்துவிடுவோம். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம், ஒருவருக்கும் குழப்பம் வந்ததில்லை. மேடத்துக்கு மட்டும் ஒவ்வொரு வினைக்கும் பின்னால் ஒரு வால் வேண்டும். வால் மாறினால் ஆளே மாறிவிடும்.

அழைப்பில் எனக்கு ஒன்று புரியாவிட்டால், "ஓகே, நோட்டட்" என்பேன். எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் சொல்வதுதான். கேட்டுக்கொண்டேன், குறித்துக்கொண்டேன் என்று பொருள். புரிந்ததா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேடம் என்ன சொன்னாலும் நோட்டட். மைக்கை மூடிவிட்டுப் பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்ப்பேன்.

பக்கத்து மேசையில், நான் தம்பி என்று கூப்பிடும் சக ஊழியர் இருந்தார். என்னைவிட எட்டு வயது இளையவர், என்னைப் போலவே திட்டமிடும் வேலை. அவர் குடும்பத்துக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடை உண்டு. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே, கடைக்கு வரும் வெள்ளைக்காரச் சுற்றுப்பயணிகளுக்கு எந்தக் குழம்பு காரம், எது காரமில்லை என்று விளக்கியே ஆங்கிலம் படித்தவர். பிறகு படித்துப் பட்டமும் வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் நாக்கில் நடக்கும். கூட்டத்தில் அவரும் இருப்பார். மேடம் 'புட் ஆஃப்' என்றதும் உள்ளங்கையால் காற்றைத் தள்ளிக் காட்டுவார். ஓகோ, தள்ளிப்போடுவது. 'ரன் அவுட்' என்றால் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டுவார். தீர்ந்துபோவது. 'கட் டவுன்' என்றால் இரண்டு விரலால் கத்தரி. எதிர் வரிசையில் இருந்த சீனப் பெண் எங்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

கூட்டம் முடிந்ததும் நான் விட்டதையெல்லாம் அவர் சொல்லித் தருவார். சலித்துக்கொண்டதில்லை. ஒருமுறை மட்டும், "அக்கா, நீங்க நேரா அந்தம்மாகிட்டயே கேக்கலாம் லா, கேட்டா ஒண்ணும் கடிச்சிர மாட்டாங்க" என்றார். நான் கேட்கவில்லை. ஆப்பரேட்டராக இருந்து மேசைக்கு வந்தவளுக்கு, புரியவில்லை என்று சொல்வது திரும்ப உற்பத்தி லைனுக்கே அனுப்பச் சொல்லி விண்ணப்பம் போடுவது மாதிரி.

தம்பியிடம் ஒரு குணம் இருந்தது. சரியில்லை என்று பட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம் மேடம் ஒரு பெரிய சரக்கு கப்பலேறும் தேதியை முன்னால் இழுக்கச் சொன்னார். பாதி லைன் விடுப்பில் போகும், ஆள் இல்லை என்று தம்பி சொன்னார். மேடம் மறுபடியும் கேட்டார். தம்பி குரலை உயர்த்தாமலே, நீங்கள் வேலையை அடுக்கிக்கொண்டே போகலாம், நாங்கள் அத்தனையையும் உறிஞ்சிக்கொள்ளப் பஞ்சு இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு மேடம் என் பெயரைச் சொல்லி, உன்னால் முடியுமா என்றார்.

"ஓகே, நோட்டட்" என்றேன். அந்தத் தேதி முன்னால் வரவில்லை. வர முடியாது என்று தம்பி சொன்னதுதான் நடந்தது. ஆனாலும் அன்று நல்ல பெயர் எனக்குக் கிடைத்தது.

சில வாரம் கழித்து ஒரு நாள் தம்பி விடுப்பில் இருந்தார். மகள் பள்ளியில் விளையாட்டுப் போட்டி. அன்று அழைப்பு சீக்கிரமே முடிந்தது. மற்றவர்கள் கழன்றுகொண்டார்கள். மேடம் என்னை மட்டும் 'ஹேங் ஆன்' என்றார். அது தெரியும், கொஞ்சம் இரு என்பது. இருந்தேன். பேச ஆள் இல்லாத பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மேடம் மெதுவாக, அன்பாகத்தான் பேசினார். தம்பியைப் பற்றிய பேச்சு. வருடக் கடைசிக்குள் 'வீ ஆர் கோயிங் டு ஈஸ் ஹிம் அவுட்' என்றார். நீ 'டேக் ஓவர்' பண்ண வேண்டும் என்றார். 'டோன்ட் லெட் ஆன்' என்றார். 'ஜஸ்ட் சவுண்ட் ஹிம் அவுட்' என்றார். கடைசியில், எனக்கு 'கெட் பேக்' பண்ணு.

ஒன்றும் நீளமான சொல் இல்லை. எல்லாம் நாலைந்து எழுத்துக்குள். அதனாலேயே எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஈஸ் என்றால் தெரியாதா? இலகுவாக்குவது, பாரத்தைக் குறைப்பது. தம்பி இரண்டு பேர் வேலையை இழுத்துக்கொண்டு கிடக்கிறார், அவர் பாரத்தைக் குறைக்கப் போகிறார்கள், அதில் கொஞ்சத்தை நான் எடுத்துக்கொள்ள வேண்டும். சவுண்ட் என்றால் சத்தம். எங்கள் ஊரில் ஒருத்தரைச் 'சவுண்ட்' பண்ணினார்கள் என்றால் திட்டினார்கள் என்று பொருள். திட்டச் சொல்வதற்கு இதில் ஒன்றும் இல்லையே. அப்படியானால் காதில் போட்டு வை என்கிறார். 'லெட் ஆன்' மட்டும் இடித்தது. எதையோ ஆன் பண்ண விடாதே என்கிறார். மெஷின் விஷயமாக இருக்கலாம்.

"ஓகே, நோட்டட்" என்றேன்.

மறுநாள் மதியம் கேன்டீனில் தம்பி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றை அவர் பிரித்துக்கொண்டிருந்தார். மகள் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்ததைச் சொன்னார். நானும் நல்ல செய்தி சொல்கிற சந்தோஷத்தில், மேடம் உங்கள் வேலையைக் குறைக்கப் போகிறாராம், என்னிடம் சொல்லி வைத்தார் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தம்மா வேல கொறைக்கிற ஆளா? என்ன வார்த்த சொன்னாங்கன்னு அப்படியே சொல்லுங்க."

நான் சொன்னேன். கேட்ட வரிசையிலேயே, வால் ஒன்றும் விடாமல் சொன்னேன். காதில் விழுந்ததை மறக்காமல் வைத்திருப்பது என் பழக்கம். புரியாதவர்களுக்கு அதுதானே கைமுதல். 'லெட் ஆன்' என்றால் என்ன என்று கேள்வியும் கேட்டேன்.

தம்பி சோற்றுப் பொட்டலத்தை மெதுவாக மூடினார். முகம் மாறியதா என்று பார்த்தேன். மாறவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது.

"லெட் ஆன்னா வெளிய காட்டிக்கிறது, அக்கா. டோன்ட் லெட் ஆன்னா, எனக்குத் தெரியவிடாதேன்னு அர்த்தம்."

மீதியை நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். சவுண்ட் அவுட் என்றால், விஷயத்தைச் சொல்லாமலே ஒருவர் மனதில் என்ன இருக்கிறது என்று நோட்டம் பார்ப்பது. டேக் ஓவர் என்றால், கொஞ்சத்தை எடுத்துக்கொள்வது இல்லை, அந்த இடத்தையே எடுத்துக்கொள்வது.

"ஈஸ் அவுட்?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஓரங்கட்டுறது" என்றார். "சத்தமில்லாம, நோகாம, கதவு வரைக்கும் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வர்றது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நீங்கள் சொன்னதும் நல்லதுதான், எப்படியும் தெரிய வேண்டியது என்றார். ஒன்றே ஒன்று கேட்டார். தனக்குத் தெரியும் என்பது மேடத்துக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம். பிறகு எழுந்து, சாப்பிடாத பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நான் உட்கார்ந்து கழித்ததாக நினைவில்லை. வீட்டில் கழுவிய பாத்திரத்தையே கழுவினேன். பாசாருக்குப் போய் மீன் வாங்காமல் கீரை வாங்காமல் கடை கடையாகச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தேன். அலுவலகத்தில் பிரிண்டருக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். தம்பி எதுவுமே நடக்காத மாதிரி வந்து போனார். முதல் இரண்டு நாள் அழைப்பில் அவர் கை அசையவில்லை. மேடம் பேசியது என் தலைக்கு மேலே பறவை போலப் போயிற்று. மூன்றாம் நாள் 'பைல் அப்' என்று ஒரு சொல் வந்தது. அவர் என்னைப் பார்க்காமலே, ஒரு கைமேல் இன்னொரு கையை அடுக்கிக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னை வெளியே தள்ளப் பார்க்கிறவரின் பேச்சை, தன் இடத்துக்கு வரப்போகிறவளுக்கு உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தார்.

என் கணவர் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். தினமும் காரில் இரண்டாவது பாலம் தாண்டிப் போய் வருகிறவர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. நீ இருபத்தைந்து வருடம் உழைத்திருக்கிறாய், வருவதை எடுத்துக்கொள் என்றார். அந்தத் தம்பி திறமைசாலி, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார் என்றார். நான் மசியவில்லை என்று கண்டதும் குரல் கொஞ்சம் ஏறியது.

"விட்டுக்கொடுக்கிறதுக்கு இது என்ன பஸ்ஸுல சீட்டா? நீ வேணான்னா அவங்க வேற ஆளப் போடப்போறாங்க. அவனுக்கு ஒண்ணும் மிஞ்சப்போறதில்ல."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடிக்கிற கையோடு அவர் சொன்ன ஒரு சொல் மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. விட்டுக்கொடுப்பது. விடுவது தெரியும், கொடுப்பது தெரியும். தமிழ் தெரியாத ஒருத்தி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன நினைப்பாள்? எதையோ கீழே விட்டு, அதை எடுத்துக் கொடுக்கிறார்கள் என்றுதானே? கண்டுபிடித்தான் என்கிறோம், பார்த்து எதையும் பிடிப்பதில்லை. பெரியவர் போய்ச்சேர்ந்துவிட்டார் என்கிறோம், எங்கே போய்ச் சேர்ந்தார்? ஓரங்கட்டுவதில் எந்த ஓரம், எந்தக் கட்டு? மேடம் நம் வீட்டில் வந்து உட்கார்ந்தால் அவரும் இப்படித்தான் நோட்டட், நோட்டட் என்று தலையாட்டுவார். இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்று வருடம் இதைக் கேட்டுப் பயந்துகொண்டிருந்தேனே, இது எல்லா மொழியிலும் இருக்கிற சாதாரணச் சங்கதிதானே என்ற எரிச்சல்.

அடுத்த வாரம் மேடத்திடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. அவனிடம் பேச நேரம் கிடைத்ததா, என்ன சொன்னான் என்று கேட்டிருந்தார். 'கெட் ரவுண்ட் டு' என்று எழுதியிருந்தார். இந்த முறை நான் பக்கத்து மேசையைப் பார்க்கவில்லை. அகராதியில் தேடிக்கொண்டேன். பதில் எழுதப் போய், எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் எழுந்து போய்த் தம்பியிடம், மேடத்திடம் பேசப் போகிறேன், உங்களுக்குத் தெரியும் என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கும் என்றேன். அவர் திரையிலிருந்து நிமிர்ந்தார்.

"எனக்காகப் பேசப் போறீங்களா?"

"இல்ல தம்பி. எனக்காகத்தான்" என்றேன். அது முழு உண்மையா என்று எனக்கே தெரியாது. சொல்லிக்கொள்ளுங்கள் என்றார்.

அன்று நாலு மணிக் கூட்டம் முடிந்ததும், மேடம், நீங்கள் இருங்கள் என்று நானே சொன்னேன். சின்னக் கூட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பெரிய சொற்களை வைத்தே பேசினேன். நான் அவருக்குத் தகவல் தெரிவித்துவிட்டேன். உங்கள் உத்தரவை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். உத்தரவு மட்டுமில்லை, மூன்று வருடமாக நீங்கள் பேசியதில் பாதி எனக்குப் புரிந்ததில்லை. நான் நோட்டட் என்று சொன்னதெல்லாம் சம்மதம் இல்லை. ஒவ்வொரு நாளும் நீங்கள் பேசுவதை எனக்கு விளக்கியது அவர்தான். உங்களுடைய பேச்சு இந்தத் தொழிற்சாலைக்குள் நுழைவதே அவர் வழியாகத்தான். அவர் இடத்தை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மேடம் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார்.

"நீ ஏன் என்னிடம் கேட்கவே இல்லை?" என்றார் மேடம். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"பயம்" என்றேன். ஆங்கிலத்தில் அதற்குப் பெரிய சொல் எதையும் தேடவில்லை.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவர் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பல நாள் எந்தச் சத்தமும் இல்லை. நாலு மணிக் கூட்டம் நடக்கும், சரக்கு, கப்பல், கணக்கு என்று மட்டும் பேசுவார். என் வேலையும் போகப்போகிறது என்று நான் முடிவு கட்டினேன். கணவர் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். மனிதவளப் பிரிவிலிருந்து யார் தொலைபேசியில் வந்தாலும் எழுந்து நின்றுவிடுவேன், எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே.

ஒரு திங்கட்கிழமை தம்பியை மேடம் தனியாக அழைத்தார். அவர் கூட்ட அறைக்குள் போனார். கண்ணாடிக் கதவு வழியாகத் தலையசைப்பது தெரிந்தது, உதடு தெரியவில்லை. வெளியே வந்தவர் நேராக என் மேசைக்கு வந்தார். வருடக் கடைசித் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்களாம், அவர் தொடரலாமாம். நான் மூச்சு விட்டேன். அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை.

"நான் ராஜினாமா லெட்டர் குடுத்துட்டேன், அக்கா."

கேன்டீனில் பேசின அன்றிலிருந்தே அவர் வேறு வேலை தேடிக்கொண்டிருந்திருக்கிறார். பத்து காவானில் புதிதாகத் திறந்த ஒரு கம்பெனியில் இடம் கிடைத்திருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, நீங்கள் இரண்டு இடத்தில் நேர்காணல் முடித்துவிட்டீர்கள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். எதிர் வரிசைச் சீனப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லியிருந்தா நீங்க அந்தம்மாகிட்ட பேசியிருக்க மாட்டீங்க" என்றார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "என்னய வேணாம்னு நெனச்ச எடம்னு தெரிஞ்சுபோச்சு. இப்ப வேணும்கிறாங்க. அதுக்காக நெனச்சது நெனைக்காததாயிருமா? காலையில கார் பார்க்ல வந்து நிக்கிறப்பல்லாம் அதுதான் ஞாபகம் வருது."

எனக்கு அதற்கு மேல் சண்டை போட முடியவில்லை. கடைசி நாளன்று அவர் குடும்பக் கடையிலிருந்து எல்லாருக்கும் நாசி கண்டார் பொட்டலம் கட்டி, தாப்பாவ் பண்ணிக் கொண்டுவந்தார். மதியம் சாப்பிட்டோம். அவர் மேசையைக் காலி செய்தபோது நான் லைனுக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. நின்று பார்க்க மனதில்லை, அவ்வளவுதான்.

பிறகு அவர் வேலையும் என்னிடம்தான் வந்தது. எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்னது, அவர் இருந்தவரைக்கும் செல்லுபடியான பேச்சு. நாலு மணிக் கூட்டம் இப்போது வேறு மாதிரி நடந்தது. மேடம் முதல் சில வாரம் எனக்காகப் பெரிய பெரிய சொல்லாகத் தேடிப் பேசினார். 'வீ ஷால் போஸ்ட்போன்' என்பார், நீதிமன்ற அறிவிப்பைப் படிப்பது போல. பாதியில் மறந்து, பழையபடி வால் முளைத்துவிடும். நான் நிறுத்திக் கேட்பேன். ஒருநாள் 'யூஸ் அப்' என்றார். யூஸ் என்றாலே போதுமே, எதற்கு அப் என்று கேட்டேன். அவர் யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார். யூஸ் என்றால் பயன்படுத்துவது, யூஸ் அப் என்றால் ஒன்றும் மிச்சமில்லாமல் பயன்படுத்துவது என்று கடைசியில் சொன்னார். அந்த அப்புக்குள் அது எப்படி வந்தது என்று தனக்குத் தெரியாது என்றார். பயன்படுத்துவதற்கும் பயன்படுத்தித் தீர்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். எங்கள் தமிழின் 'தீர்ப்பதை' நான் அவருக்கு விளக்கினேன். கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள்.

சென்ற வருடம் மேடம் பினாங்குக்கு வந்தார். பத்து காவானில் எங்களுக்கு உதிரிபாகம் செய்து தருகிற ஒரு கம்பெனியைப் பார்க்க வேண்டும். நான்தான் காரில் அழைத்துப்போனேன். பாலத்தில் லாரி ஒன்று நின்றுபோய் ஜாம். கடலுக்கு மேலே அசையாமல் நின்றோம். கொஞ்ச நேரம் வானிலையைப் பற்றிப் பேசினார். பிறகு தானாகவே அந்தப் பேச்சை எடுத்தார். இருவரில் ஒருவரைக் குறைக்கும்படி மேலே இருந்து சொன்னார்கள். அவன் எல்லாவற்றுக்கும் எதிர்த்துப் பேசுவான், நீ ஒத்துப்போகிறவள், அதனால் உன்னைத் தேர்ந்தெடுத்தேன் என்றார்.

"உங்கள் பேச்சு புரியாததால்தான் ஒத்துப்போனேன்" என்றேன்.

சிரித்தார். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது.

அவரை உள்ளே விட்டுவிட்டுத் தம்பிக்கு அழைத்தேன். அவர் கம்பெனி அங்கிருந்து பக்கம்தான். மேடம் வந்திருப்பதையும் சொன்னேன். வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் வெயிலில் காருக்கும் நிழலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். வந்தார். புதுக் கம்பெனிச் சட்டை, கொஞ்சம் சதை போட்டிருந்தார். அங்கே மேலதிகாரிகள் தைவான்காரர்கள், அவர்கள் ஆங்கிலத்தில் வாலே கிடையாது, எல்லாம் கோ, ஸ்டாப், ஃபினிஷ் என்று மூன்று சொல்லில் முடிந்துவிடும் என்றார். பேச ஆள் இல்லாமல் நாக்கு துருப்பிடிக்கிறது என்றார். மகள் இந்த வருடம் ஓடவில்லையாம், பேட்மின்டனுக்கு மாறிவிட்டாளாம்.

அப்போது மேடம் வெளியே வந்தார். நான் இருவரையும் அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. மூன்று வருடம் தினமும் பேசியவர்கள் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்த்தார்கள். கைகுலுக்கினார்கள். எப்படி இருக்கிறாய், நன்றாக இருக்கிறேன், வெயில் அதிகமா, ஆமாம் அதிகம். அவ்வளவுதான் பேச்சு. அவர் மன்னிப்புக் கேட்பார் என்றோ இவர் ஏதாவது குத்திச் சொல்வார் என்றோ நான் பதறியது வீண். தம்பி கிளம்பும்போது என் பக்கம் திரும்பித் தமிழில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது பாலம் காலியாக இருந்தது. பெல்ட்டைச் சரிசெய்துகொண்டே மேடம், அவன் கடைசியில் உன்னிடம் என்ன சொன்னான் என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். மூன்று வருடம் நான் பக்கத்து மேசையை எப்படிப் பார்த்திருப்பேனோ அப்படி இருந்தது அந்தப் பார்வை.

"இவ்வளவு சின்ன ஆளா இவங்க, குரலக் கேட்டு நான் ஆறடி இருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றுதான் தம்பி சொல்லியிருந்தார். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மேடம் தன் காலைப் பார்த்துக்கொண்டார். கார் இருக்கையில் அவர் கால் தரையில் முழுதாகப் பதியவில்லை. அவன் சொன்னது சரிதான் என்றார்.